உனக்கு இதுல என்ன சோலி?

எங்கள் பக்கம் ஒருவரை வாயடைக்கப் பெரிய வாதமெல்லாம் வேண்டாம். "ஒனக்கு இதுல என்ன சோலி?" என்று ஒரு கேள்வி போதும். முக்கூடலில் இருக்கும் என் பெரியம்மை, மடியில் சுளகை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே, அடுத்த வீட்டுச் சண்டைக்குள் நுழையும் ஆளைப் பார்த்துத் தலை நிமிராமல் இதைக் கேட்பாள். நான் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் ஊர்வலத்துக்கும் திருநங்கைகளின் கூட்டத்துக்கும் போய்வர ஆரம்பித்த பிறகு அந்தக் கேள்வி என் பக்கம் திரும்பியது. அலுவலகத்தில் கேட்டார்கள். சொந்தக்காரர்கள் கேட்டார்கள். போராட்டத்தில் இருப்பவர்களே ஒன்றிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இந்தக் கடைசி ஆட்கள் கேட்பதில்தான் நியாயம் இருக்கிறது. மற்றவர்களுக்குப் பதில் சொல்ல ஆயுசு போதாது.

என் தம்பிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பாளையங்கோட்டைக் காது கேளாதோர் பள்ளியில் படித்தான். ஃபிளாரன்ஸ் ஸ்வெயின்சன் என்ற மிஷனரி அம்மையார் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய பள்ளி. விடுமுறைக்கு வந்தவன் கையால் பேசினான். எனக்கும் அந்தப் பேச்சு தொற்றிக்கொண்டது. அதனால் காது கேளாதவர்கள் எங்காவது மனு கொடுக்கப் போனால் துணைக்கு என்னைக் கூப்பிடுவார்கள். கொக்கிரகுளத்துத் திங்கட்கிழமைகள் எனக்குப் பழக்கமானது அப்படித்தான்.

திங்கட்கிழமை திருநெல்வேலி கொக்கிரகுளத்து ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள். 2017 அக்டோபரில், கந்துவட்டித் தொல்லை தாங்காத ஒரு தம்பதி தங்கள் இரண்டு பெண் குழந்தைகளோடு அந்த வளாகத்திலேயே தீக்குளித்து இறந்தார்கள். அதற்கப்புறம் பையைச் சோதித்துத்தான் உள்ளே விடுகிறார்கள். உள்ளே போனால் மேலப்பாளையத்துப் பீடிப் பெண்கள் ஒரு பக்கம், சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு வந்த ஊர் ஒரு பக்கம், மூன்று சக்கர வண்டி கேட்டு வந்தவர்கள், பட்டா கேட்டு வந்தவர்கள். வெயில் எல்லோருக்கும் ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவர் கையில் இருக்கும் மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டாலும் உள்ளே ஒரு கணக்கு ஓடும்: இவனுக்குக் கிடைத்தால் நமக்குக் குறையுமோ?

தன் மனுவைச் சற்றே ஓரமாக வைத்துவிட்டு அடுத்தவர் மனுவைத் தூக்கியவர்கள் யார் யார் என்று தேடிப் படிக்கும் பழக்கம் அந்த வரிசையில் நின்று வந்ததுதான். படித்ததில் எனக்கு ஒன்று புலப்பட்டது. இந்தக் கதைகளில் உருப்படியானவற்றையெல்லாம் பார்த்தால் மேடை சின்னதாக இருக்கிறது, அடுப்பு பெரிதாக இருக்கிறது. யார் யாருக்குச் சோறு போட்டார்கள், யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

1908ஐ எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 27 அன்று தூத்துக்குடி கோரல் மில்லில் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஹார்வி கம்பெனியின் மில். கூலி சொற்பம், வேலை நேரம் நீளம், வார விடுமுறை கிடையாது. வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்னால் நின்றார்கள் என்பது பாடப்புத்தகத்தில் வந்துவிட்டது. மில்லுக்குச் சம்பந்தமே இல்லாத ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம். வக்கீல்களும் வியாபாரிகளும் பணம் திரட்டினார்கள். வேலைக்குப் போகாத தொழிலாளர்களுக்குச் சாப்பாடு போட்டார்கள். வெள்ளைக்காரர் பக்கம் பேசிய வக்கீல் ஒருவருக்குச் சவரம் செய்துகொண்டிருந்த தொழிலாளி, ஆள் யாரென்று தெரிந்ததும் பாதி முகத்தோடு விட்டுவிட்டுப் போய்விட்டார் என்ற கதையை இன்றைக்கும் சொல்வார்கள். அந்த மனிதர் நூல் ஆலைப் பக்கமே போகாதவராக இருந்திருக்கலாம். அவரால் நிறுத்த முடிந்தது அவர் கையிலிருந்த கத்தியைத்தான். நிறுத்தினார்.

ஒன்பது நாளில் நிர்வாகம் இறங்கிவந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிறு விடுமுறை கிடைத்தது. மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், காவல் நிலையம் எல்லாம் தீக்கிரையாகின. துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் இறந்தார்கள். கோரல் மில்காரர்கள் மறுபடி வேலையை நிறுத்தினார்கள். இந்தத் தடவை கூலிக்காக இல்லை, தங்களுக்காக நின்ற ஆளுக்காக.

இதன் வால்பகுதி யாருக்கும் அதிகம் தெரியாது. 1912 டிசம்பரில் விடுதலையான வ.உ.சி., வக்கீல் தொழிலும் செய்ய முடியாமல் சென்னையில் திண்டாடினார். அவருக்காகப் பணம் திரட்டியவர்களில் தென்னாப்பிரிக்கத் தமிழர்களும் உண்டு. தலைவரி, கடவுச்சீட்டு, திருமணச் செல்லுபடி என்று தங்கள் தலைக்கு மேலேயே ஆயிரம் வழக்குகள் வைத்திருந்த கூலிக்காரர்களும் சிறு வியாபாரிகளும் அவர்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி காந்தி வழியாக வந்துசேர வேண்டியிருந்தது. கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு, கடைசியில் 1916இல் 347 ரூபாய் 12 அணா வந்தது. ஒருமைப்பாடு என்றால் உணர்ச்சிப் பெருக்கு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்வேன்: அதில் பாதிக்கு மேல் கணக்கு வழக்குதான், அதுவும் தாமதமாக வரும் கணக்கு.

அதே 1908இல்தான் லண்டனிலிருந்து ஒரு தீர்ப்பும் வந்தது. கமுதிக் கோயில் வழக்கு. நாடார்கள் கோயிலுக்குள் போகக் கூடாது என்று, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் முடித்துவைத்தது. இதை நான் வெளியாளாக நின்று எழுத முடியாது, எங்கள் வீடு நாடார் வீடு. 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கொள்ளையும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேச்சில் நேற்று நடந்ததுபோல் வரும். தோள்சீலைக் கதையை ஆச்சி சொன்னால் அந்தச் சீலையை அவளே இழுத்துப் போர்த்தியதுபோல் இருக்கும். திருவிதாங்கூரில் 1820களிலிருந்து அடிபட்டு, சந்தையில் ரவிக்கை கிழிபட்டு, 1859 ஜூலையில் வாங்கிய அறிவிப்பு அது.

ஆனால் அந்த அறிவிப்பைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். மேலாடை போடலாம், மேல்சாதிப் பெண்கள் போடுவதுபோல் மட்டும் போடக் கூடாது என்று அதில் இருக்கிறது. படியைக் கொஞ்சம் நகர்த்தினார்கள், எடுக்கவில்லை. கமுதி வழக்கிலும் எங்கள் ஆட்கள் வைத்த வாதம், எல்லோரும் கோயிலுக்குள் போகலாம் என்பதல்ல. நாங்கள் சத்திரியர், எங்களைக் கீழே உள்ளவர்களோடு சேர்த்து எண்ணாதீர்கள் என்பதுதான். அன்றைய சட்டத்தில் வேறு எந்த வாதம் எடுபட்டிருக்கும் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. அம்பேத்கர் சொன்ன படிநிலை ஏற்றத்தாழ்வின் சூட்சுமமே இதுதான்: மேலே போகப் போக மரியாதை, கீழே போகப் போக இகழ்ச்சி, நடுவில் நிற்பவனுக்கு மிதிபடும் வலியும் மிதிக்கும் வசதியும் சேர்ந்தே கிடைக்கும். தோள்சீலைக் கதையைக் கண்கலங்கச் சொல்லும் அதே ஆச்சி, அருந்ததியர் தெருவிலிருந்து ஆள் வந்தால் வாசலோடு பேசி அனுப்புவாள்.

அந்தப் படியிலிருந்து இறங்கிவந்தவர்களும் உண்டு. பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், நாடார் மகாஜன சங்கத்தின் பெரிய தலை. 1920களின் இறுதியில் ராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பேருந்தின் உரிமம் ரத்தாகும் என்று உத்தரவு போட்டார். அமெரிக்காவில் மான்ட்காமரி நகரத்துக் கறுப்பின மக்கள் பேருந்தைப் புறக்கணித்து நடந்தது 1955இல். நம்மவர்கள் அந்தக் கதையை மேடையில் அழகாகச் சொல்வார்கள், ராமநாதபுரத்துப் பேருந்து மட்டும் யார் நினைவிலும் வருவதில்லை.

1924க்கு வருகிறேன். எனக்குப் பிடித்த வருஷம், கோபம் வரும் வருஷமும் அதுதான்.

மார்ச் 30 அன்று வைக்கம் சத்தியாகிரகம் தொடங்கியது. மகாதேவர் கோயிலைச் சுற்றியிருந்த தெருக்களில் ஈழவரும் புலையரும் நடக்கக் கூடாது என்பதை எதிர்த்து. முன்னின்றவர்களில் ஒருவர் செங்கன்னூர் பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப், கிறிஸ்தவர். காந்தி அவருக்கு எழுதினார்: இது இந்துக்கள் செய்ய வேண்டிய வேலை, நீங்கள் விலகிக்கொள்ளுங்கள். நாகரிகமான மொழியில் எழுதப்பட்ட, பெரியம்மையின் அதே கேள்வி. அந்தத் தெரு பொதுத் தெரு. நடக்க விடாதது குடிமை உரிமைப் பிரச்சினை, மதப் பிரச்சினை இல்லை என்பது ஜோசப்பின் எண்ணம். கைதாகி உள்ளே போனார்.

அடுத்து நடந்தது இன்னும் வேடிக்கை. பஞ்சாபிலிருந்து அகாலிகள் என்ற சீக்கியப் போராளிகள் வந்து வைக்கத்தில் இலவசச் சமையல்கூடம் திறந்தார்கள். குருத்வாராக்களை மீட்க அங்கே அவர்களே அடிவாங்கிக்கொண்டிருந்த காலம் அது. மொழி தெரியாது, ஊர் தெரியாது, ரொட்டி சுடத் தெரியும். சத்தியாகிரகிகளுக்கும் வந்தவர் போனவருக்கும் சாப்பாடு. காந்திக்கு இது பிடிக்கவில்லை. உள்ளூர் இந்துக்களின் சுயமரியாதைக்கு இழுக்கு என்றார். சமையல்கூடம் மூடப்பட்டது.

காந்தி சொன்னதில் ஒரு பொறி உண்மை இல்லாமலில்லை. வெளியாள் வந்து தலைமையைப் பிடித்துக்கொண்டால் உள்ளே இருப்பவன் கூட்டமாகிவிடுவான். அதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் அகாலிகள் மேடை கேட்கவில்லையே, அடுப்புதானே கேட்டார்கள்? மேடைக்கு வருகிறவரையும் உலை வைக்க வருகிறவரையும் ஒரே தராசில் நிறுத்தியதுதான் தவறு என்பது என் கட்சி. ஈரோட்டிலிருந்து போன பெரியாரை யாரும் அப்படித் திருப்பி அனுப்பவில்லை. அவர் இரண்டு முறை சிறை போனார், நாகம்மையாரும் களத்தில் நின்றார். 1925 நவம்பரில் மூன்று தெருக்கள் திறந்தன. கிழக்குத் தெரு திறக்கவில்லை.

வைக்கத்தில் அந்த அடுப்பு மூடப்பட்ட காலத்தில், தாமிரபரணிக் கரையில் சேரன்மகாதேவியில் இன்னொரு சாப்பாட்டுத் தகராறு புகைந்துகொண்டிருந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய குருகுலம். காங்கிரஸ் பணமும் பலர் கொடுத்த நன்கொடையும் சேர்ந்து நடந்த தேசியப் பள்ளி. அங்கே பிராமணப் பையன்கள் இரண்டு பேருக்குத் தனிப்பந்தி. பெற்றோருக்குக் கொடுத்த வாக்கு என்றார் ஐயர். இரண்டே பையன்கள், ஒரு திரை, சில இலைகள். வரதராஜுலு நாயுடு கேட்டார், பெரியார் கேட்டார், மாகாணம் முழுக்கப் பற்றிக்கொண்டது. 1925 ஜூனில் ஐயர், பாபநாசத்துக்கு மேலே அருவியில் தவறிய மகளைக் காப்பாற்றப் போய்த் தானும் இறந்தார். அவரைத் திட்டி எழுதினால் மனசு கேட்காது, திட்டாமல் விட்டாலும் கேட்காது. அந்நியனை எதிர்க்கத் துப்பாக்கி சுடக் கற்றுக்கொடுத்த மனிதருக்கு, ஒரு பந்தியைச் சேர்த்துப் போட முடியவில்லை.

ஜார்ஜ் ஜோசப்பை மதுரைப் பக்கம் ரோசாப்பூ துரை என்பார்கள். குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறமலைக் கள்ளர்களைக் கைரேகை வைக்கச் சொல்லி வதைத்த காலத்தில் அவர்களுக்காக வழக்காடியவர். 1920 ஏப்ரலில் பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது இந்தச் சட்டத்தை எதிர்த்ததால்தான். மலையாளக் கிறிஸ்தவருக்கும் உசிலம்பட்டிக் கள்ளருக்கும் என்ன சோலி என்று கேட்டிருந்தால் அவர் சட்டைப்பையில் குத்தியிருந்த ரோஜாவைத்தான் தொட்டுப் பார்த்திருப்பார். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பிள்ளைகளுக்கு ரோசாப்பூ என்று பெயர் வைத்தார்கள்.

வெளிநாட்டுக் கதைகளில் எனக்கு நெருக்கமானது 1977 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவில் நடந்தது. அரசுப் பணம் வாங்கும் எந்த நிறுவனமும் மாற்றுத்திறனாளிகளை ஒதுக்கக் கூடாது என்று 1973 சட்டத்தில் 504ஆம் பிரிவு இருந்தது. விதிமுறைகளில் கையெழுத்துப் போடாமல் நான்கு வருஷம் இழுத்தடித்தார்கள். ஏப்ரல் 5 அன்று சுமார் 150 பேர் அரசுக் கட்டடத்துக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், பார்வையற்றவர்கள், காது கேளாதவர்கள். மருந்து இல்லை, மாற்றுப் படுக்கை இல்லை. தொலைபேசியைத் துண்டித்தார்கள். காது கேளாதவர்கள் ஜன்னல் பக்கம் போய் வெளியே நின்றவர்களோடு கையால் பேசி, செய்தி அனுப்பினார்கள். இதைப் படித்துவிட்டுத் தம்பிக்குச் சைகையில் சொன்னபோது அவன் இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னான். போலீசால் துண்டிக்க முடியாத தொலைபேசி என்று அவனுக்கு ஒரே சிரிப்பு.

அவர்களுக்குத் தினமும் சூடான சாப்பாடு கொண்டுவந்தது யார்? கறுப்பின மக்களின் கருஞ்சிறுத்தைக் கட்சி (பிளாக் பாந்தர்). துப்பாக்கியோடு படம் பிடித்துப் போட்டு உலகத்தை மிரட்டிய அதே கட்சிக்காரர்கள், சாப்பாட்டுப் பாத்திரங்களோடு வந்தார்கள். உள்ளே உட்கார்ந்திருந்தவர்களில் பிராட் லோமாக்ஸ் என்ற சிறுத்தை உறுப்பினர் இருந்தார், நரம்பு நோயால் சக்கர நாற்காலிக்கு வந்தவர். கட்சிக்குக் கதவு திறந்தது அவர் வழியாகத்தான். ஏப்ரல் 28 அன்று கையெழுத்தானது. ஒரு போராட்டத்துக்கும் இன்னொரு போராட்டத்துக்கும் நடுவே கொள்கை அறிக்கை பாலம் போடுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. இரண்டிலும் கால் வைத்திருக்கும் ஒரு ஆள் போடுவார். பிரிட்டனில் 1984-85 சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்துக்குத் தன்பாலீர்ப்பாளர்கள் வாளி ஏந்திப் பணம் திரட்டியதும், 1985இல் அவர்களுடைய பேரணியில் சுரங்கக்காரர்கள் தங்கள் பேண்டு வாத்தியத்தோடு வந்து நின்றதும் இதே வகைதான்.

அறிவாளிகளும் அப்படித்தான் தொடங்கினார்கள். 1946இல் அம்பேத்கர், அமெரிக்கக் கறுப்பின அறிஞர் டபிள்யூ.ஈ.பி. டு பாய்ஸுக்கு எழுதிய கடிதம் ஒரு பக்கம்தான். அமெரிக்கக் கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்குக் கொடுத்த மனுவின் நகல் இரண்டு மூன்று கிடைக்குமா என்று கேட்டிருந்தார். நகல் கேட்கிற மனிதர்மேல் எனக்குத் தனி மரியாதை. திங்கட்கிழமை வரிசையில் பக்கத்து ஆளின் மனுவை வாங்கிப் படிக்கிறவரைப்போல.

சரி, நம் ஊருக்கு வருவோம். 1999 ஜூலை 23. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் கூலிக்காகவும், சிறையில் இருந்த நூற்றுக்கணக்கானோரின் விடுதலைக்காகவும் ஊர்வலம். தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள், அவர்களோடு வேறு சாதியினரும் மதத்தினரும் மலையில் ஒன்றாகக் கொழுந்து பறித்தவர்கள். புதிய தமிழகம், தமிழ் மாநில காங்கிரஸ், இடதுசாரிகள் என்று பல கொடிகள் ஒன்றாக வந்தன. தடியடியில் கூட்டம் தாமிரபரணி ஆற்றுக்குள் விரட்டப்பட்டது. ஒரு குழந்தை உட்பட 17 பேர் இறந்தார்கள். இன்றைக்கு ஒவ்வொரு ஜூலை 23ஆம் தேதியும் கட்சி கட்சியாக வந்து, தனித்தனியே மலர் தூவிவிட்டுப் போகிறார்கள். சேர்ந்து செத்தவர்களுக்குத் தனித்தனி அஞ்சலி. எனக்கு இதைப் பார்த்தால் சேரன்மகாதேவிப் பந்திதான் ஞாபகம் வருகிறது.

இடிந்தகரை வேறு மாதிரி. கூடங்குளம் அணு உலையை எதிர்த்து 2011இலிருந்து லூர்து மாதா கோயில் முன் பந்தல். மீனவர்கள் தங்கள் வருமானத்தில் ஒரு பங்கைப் போராட்டத்துக்கு ஒதுக்கினார்கள். பந்தலில் உட்கார்ந்த பெண்கள் கோஷத்துக்கு நடுவே பீடி சுற்றினார்கள். அதைப் பார்த்த பிறகுதான் பெரியம்மை அந்தப் போராட்டத்தை நம்பினாள். "சுளவோட வந்து உக்காந்திருக்காளுவன்னா வெளாட்டுக்கு இல்ல" என்றாள். ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்கு. அந்தப் பந்தலுக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்தவர்களும் நிறைய. கடற்கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டு, மதியம் மீன் குழம்பும் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போய்க் கட்டுரை எழுதினார்கள். போராட்டக்காரர்கள் "உங்களுக்கு என்ன சோலி?" என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது என்றேனே, இவர்களை நினைத்துத்தான்.

மறுபடி கொக்கிரகுளம். ஒரு திங்கட்கிழமை காது கேளாத பையன்கள் சிலர் ஓட்டுநர் உரிமம் பற்றிய மனுவோடு வந்திருந்தார்கள். காது கேளாதவர்களும் விண்ணப்பிக்கலாம் என்று 2011இலேயே தில்லி உயர் நீதிமன்றம் வழி திறந்துவிட்டது. ஆனாலும் பையன்களுக்கு அலைச்சல்தான். பக்கத்தில் பீடிச் சங்கத்துப் பெண்கள், ஆயிரம் பீடிக்கான கூலி உயர்வு கேட்டு வந்தவர்கள். அவர்களில் ஒரு அக்கா என்னைக் கேட்டாள்.

"இந்தப் பிள்ளேளு என்னத்துக்கு வந்திருக்கு?"

சொன்னேன்.

"காது கேக்காட்டா என்ன, கண்ணு தெரியுதுல்லா? எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு காதும் கேக்கும். ஹாரன் அடிச்சா மட்டும் ஒதுங்குதாராக்கும்!"

பொட்டலங்களைப் பிரித்தார்கள். புளிச்சோறு, துவையல். பையன்களுக்கும் சேர்த்துத்தான். சாப்பிட்டு முடிந்ததும் பையன்களில் ஒருவன், பீடிக்கூலி மனுவை வாங்கிப் படித்துவிட்டுக் கணக்கில் ஒரு கூட்டல் பிழையைக் காட்டினான். சங்கத்தின் கணக்கைத் திருத்தும் வேலை அவனிடம் வந்தது அப்படித்தான். அவன் உரிமப் பிரச்சினைக்குச் சங்கம் ஒரு வக்கீலை ஏற்பாடு செய்தது. அதற்கப்புறம் சங்கக் கூட்டங்களுக்கு அவனோடு இன்னும் சில பையன்களும் வருவார்கள், சைகைக்கு நானும் போவேன்.

கோவில்பட்டிப் பக்கம் மந்தித்தோப்பில் திருநங்கைகளின் பால் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. மாடு, கறவை, கணக்கு எல்லாம் அவர்கள் கையில். அதற்காக உழைத்தவர்களில் ஒருவரான கிரேஸ் பானு, தலித் திருநங்கை. நெடுங்காலமாக அவர் கேட்பது கிடைமட்ட இடஒதுக்கீடு, அதாவது ஒவ்வொரு சாதிப் பிரிவுக்குள்ளேயும் திருநர்களுக்கு ஒரு பங்கு. திருநர்களை மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்தது அரசாணை. தலித்தாகப் பிறந்த திருநங்கை, பாலினத்தைச் சொன்னால் பட்டியல் சாதியை விட வேண்டும், சாதியைச் சொன்னால் பாலினத்தை விட வேண்டும். 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த அரசாணையை ரத்து செய்து, கிடைமட்டமாகக் கொடுக்கச் சொன்னது. ஒரு சங்கக் கூட்டத்தில் இதை விளக்கிக்கொண்டிருந்தபோது, பீடி சுற்றும் ஒரு இஸ்லாமியப் பெண், தன் காது கேளாத மகளைக் காட்டி, "அப்ப இவளும் மூணு வரிசையில நிக்கணும், என்ன?" என்றாள். அன்றைக்கு அதைவிடத் தெளிவாக யாரும் பேசவில்லை.

இதுவரை எழுதியதைப் பார்த்தால் எல்லாம் கூடி வந்த மாதிரி இருக்கும். இல்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் டூ படிக்கும் தலித் மாணவனை அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள், தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். நீதிபதி சந்துரு குழு, கையில் சாதிக் கயிறு கட்டுவதைத் தடை செய்யச் சொல்லி 2024இல் அறிக்கை கொடுத்தது. கயிறு கழன்றதா என்று பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்தால் தெரியும். 2025 ஜூலையில் பாளையங்கோட்டை கே.டி.சி. நகரில் ஒரு தலித் மென்பொருள் பொறியாளர் வெட்டிக் கொல்லப்பட்டார். வேறு சாதிப் பெண்ணைக் காதலித்ததுதான் காரணம் என்பது வழக்கு. என் தம்பி வேலை பார்க்கும் இடத்துக்குப் போகிற வழி அது.

அந்த வாரம் பீடிச் சங்கக் கூட்டத்தில், ஆணவக் கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். ஒன்றாகச் சாப்பிட்ட கூட்டம் அது, ஒன்றாகத் தடியடி வாங்கத் தயாரான கூட்டம். கைகள் பாதிதான் உயர்ந்தன. கொலை பண்ணியது தப்பு என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் தீர்மானம் என்று வந்தால், "நாளைக்கி நம்ம வீட்டுப் பிள்ளைக்கும் இதச் சொல்வாவளே" என்று ஒரு மதினி வெளிப்படையாகவே சொல்லிவிட்டாள். எனக்குக் கோபம் வந்தது, மரியாதையும் வந்தது. மற்றவர்கள் மனதுக்குள் வைத்திருந்ததை அவள் கூட்டத்தில் வைத்தாள். அடுப்பும் பந்தியும் கொண்டுவந்து சேர்த்த இடம் இதுவரைதான். கல்யாணப் பந்தலின் வாசலில் அவை நின்றுவிடுகின்றன.

கணக்குப் பார்க்கும் பையன் எழுந்து சைகையில் கேட்டான், நான் சத்தமாகச் சொன்னேன்: "எங்களுக்குப் பொண்ணு குடுக்கவும் இப்படித்தான் யோசிக்கீங்க. எங்க சாதியிலயே குடுக்க மாட்டீங்க. அப்ப இதுல எனக்குச் சோலி இருக்கா இல்லையா?" மதினி பதில் சொல்லவில்லை. கூட்டத்தில் சலசலப்பு. தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தார்கள். அந்தக் கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை, முக்கூடலில். கூலி விஷயத்துக்கு முன்னால் இந்தத் தீர்மானத்தை எடுங்கள் என்று செயலாளர் அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். கூலியை முதலில் பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று அவளுக்கும் தெரியும்.